பாலத்து முனையில் நின்றவர்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் காலையில் ஒரு முறை முனகிவிட்டு அப்புறம் வேலைக்கு வந்துவிடுகிறது. உங்கள் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? அண்ணியின் பல்வலி தீர்ந்ததா? போன தடவை கேட்டதற்கு நீங்கள் பதிலே எழுதவில்லை.

ஒரு விஷயம். சிரிக்கக் கூடாது. மார்ச் முதல் ஞாயிறு இங்கே ஓட்டப் பந்தயம் நடக்கிறது. இருபத்தொரு கிலோமீட்டர். நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன், உங்களுக்குத்தான் சொல்லவில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நீராவிக்குள் நின்று இஸ்திரி போட்டுவிட்டு வெளியே வந்தால் காற்று அவ்வளவு நன்றாக இருக்கும். முதலில் அடுத்த பஸ் நிறுத்தம் வரை வேகமாக நடந்தேன். அப்புறம் அதற்கடுத்த நிறுத்தம். ஒரு நாள் பஸ்ஸையே விட்டுவிட்டு வீடு வரை ஓடிவந்தேன். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "யாரு துரத்துறாங்க?" என்று தெருவை எட்டிப் பார்த்தார்.

இப்போது ஞாயிறுதோறும் ஒரு கூட்டத்தோடு ஓடுகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர்தான் தலைவர். எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். மருந்துக்கடை அக்கா எனக்கு ஓட்டத்தில் ஜோடி, பேச்சிலும் ஜோடி.

அன்றைக்கு நீங்கள் வர வேண்டும் அண்ணா. உங்களைப் பார்த்து மூன்று வருஷமாகிறது. போனில் பேசினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திச் சண்டையில் முடிகிறது, இனிமேல் கடிதம்தான் என்று சட்டம் போட்டது நீங்கள். அதனால் கடிதத்திலேயே கூப்பிடுகிறேன். முடிக்கும் கோட்டில் வந்து நின்றால் போதும்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை


ஜனவரி 22

என் அருமை நத்தைக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் நலம். அண்ணிக்குப் பல்லைப் பிடுங்கியாயிற்று. வலி போய்விட்டது, பேச்சு மட்டும் கூடியிருக்கிறது.

நீ சொன்னபடி சிரிக்கவில்லை. ரயிலில் டியூட்டியில் இருந்தபோது படித்ததால் அடக்கிக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு என்னோடு கிளம்பி, நாலு வீடு பின்னால் வந்து, வழியில் பார்க்கிற பூனையை எல்லாம் நலம் விசாரித்து, என்னையும் சேர்த்து வாசலில் முட்டி போட வைத்தவள் நீ. நீயா இருபத்தொரு கிலோமீட்டர்? நீ முடிப்பதற்குள் அடுத்த வருஷப் பந்தயம் ஆரம்பித்துவிடும்.

விளையாட்டு போதும். அப்பா பஸ் பிடிக்க ஓடித்தான் விழுந்தார், எழுந்திருக்கவேயில்லை. அன்றைக்கு அவருக்கு என்ன வயதோ அதுதான் இன்றைக்கு உனக்கு. இதை எழுதவே எனக்குக் கை வரவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. இரண்டு வருஷம் எதற்கு மறைத்தாய்? நல்ல காரியத்தை யாரும் மறைப்பதில்லை. டிக்கெட் வைத்திருப்பவன் நான் கேட்பதற்கு முன்பே நீட்டுவான். இல்லாதவன்தான் ஜன்னல் வழியே இயற்கையை ரசிப்பான். யாரோ உன்னைத் தூண்டிவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடிக்காரர் இதில் கட்டணம் ஏதும் பார்க்கிறாரா என்று விசாரி.

எனக்கு லீவு கிடைக்காது. கிடைத்தாலும் இந்தக் கூத்தைப் பார்க்க வர மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். உங்கள் பயத்துக்காக எங்கள் மருத்துவமனை டாக்டரிடமே காட்டினேன். மார்பில் கம்பியெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு, "உங்க நெஞ்சு குதிரை மாதிரி இருக்கு, போய் ஓடுங்க" என்றார். கண்ணாடிக்காரர் யாரிடமும் பைசா வாங்குவதில்லை. இரண்டு சந்தேகமும் தீர்ந்ததா?

நம்பர் தாள் வந்துவிட்டது. யார் மடித்து அனுப்பினார்களோ, ஒரே கசங்கல். கசங்கின விரிப்பில் ஒரு நோயாளியைக்கூடப் படுக்க விடாதவள், கசங்கின நம்பரோடு ஓடுவேனா? நன்றாக இஸ்திரி போட்டு, ஓரம் மடித்து, சட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். மருந்துக்கடை அக்கா பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணு கெட்டா!" என்றாள்.

மைதானத்தில் கிளம்பி, ஆற்றுப் பாலத்தைக் கடந்து அதன் மறுமுனையில் திரும்பி, அதே வழியாக மைதானத்துக்கே வர வேண்டும். வழி தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன். வேறு காரணம் இல்லை.

தங்கை


மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குகிறேன். கால் நகம் ஒன்று கறுத்துவிட்டது. ஆனால் முடித்துவிட்டேன் அண்ணா. நடக்காமல் ஓடியே முடித்தேன்.

கோட்டைத் தாண்டிய பிறகும் காலுக்கு நிற்கத் தெரியவில்லை. வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலேயே என் தலையில் கவிழ்த்துவிட்டு, ஏன் வரவில்லை என்று பாட்டிலை முறைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. கழுத்தில் பதக்கத்தைப் போட்டவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். யாரென்றே தெரியாது.

நான் இன்று தேய்த்து அடுக்குகிற விரிப்பு நாளைக்கு அழுக்காகி மறுபடி என்னிடமே வரும். சமையல் அப்படி, பாத்திரம் அப்படி. முடிந்தது என்று சொல்ல என் வாழ்க்கையில் ஒன்றுமே இருந்ததில்லை. இது முடிந்தது. யாரும் இதை மறுபடி அழுக்காக்கிக் கொண்டுவந்து போட முடியாது. அந்த நினைப்பில் அன்று சாயங்காலம் முழுக்க ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மூன்றாவதாம். நான்காவது மருந்துக்கடை அக்கா.

பாலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அந்த ஞாயிறு நீங்கள் என்ன செய்தீர்கள் அண்ணா? மறக்காமல் எழுதுங்கள்.

தங்கை


மார்ச் 24

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

முடித்ததாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம். சில விவரங்கள் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பாலத்தின் மறுமுனைக்கு நீ போனாயா? அங்கே எதைச் சுற்றித் திரும்பினாய்? பக்கத்தில் என்ன வண்டி நின்றது? பெண்கள் எல்லோரும் முனை வரை போனார்களா, அல்லது வழியிலேயே திரும்பலாம் என்று யாராவது சொன்னார்களா? கால் வலித்துப் பாதியில் ஒரு வண்டியில் ஏறியிருந்தாலும் குற்றமில்லை. யாரும் உன்னைத் தூக்கில் போடப் போவதில்லை. ஆனால் ஏறினேன் என்று சொல்ல வேண்டும்.

மற்றதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியவள், 'பாலத்தைப் பற்றி ஒன்றுமில்லை' என்று ஒரு வரியில் முடித்திருக்கிறாய். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

அந்த ஞாயிறு எனக்கு டியூட்டி. வேறென்ன செய்திருப்பேன்?

அண்ணன்


மார்ச் 30

அண்ணாவுக்கு,

இருக்கிறேன். நீங்களும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முனையில் மஞ்சள் பீப்பாய் ஒன்று. அதைச் சுற்றித் திரும்பினேன். பக்கத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. ஆம்புலன்ஸுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் ஆரஞ்சு உரித்துக்கொண்டு நின்றார். இன்னும் விவரம் வேண்டுமா?

டியூட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். சரி.

உங்களைப் போலவே இங்கேயும் கேள்வி கிளம்பியிருக்கிறது. நம்பர் தாளின் முதுகில் சிப் என்று ஒன்று ஒட்டியிருக்குமாம். தரையில் போட்ட பட்டையை மிதித்தால் ஆள் கடந்தது பதிவாகும். கிளம்பும்போதும் முடிக்கும்போதும் என்னுடையது பதிவாகியிருக்கிறது. பாலத்து முனையில் ஆகவில்லை. மருந்துக்கடை அக்கா எழுத்தில் புகார் கொடுத்துவிட்டாள். ஞாயிறுதோறும் ஜோடியாக ஓடியவள்.

பந்தயக் குழுவிலும் இருக்கும் கண்ணாடிக்காரர் என் நம்பர் தாளைத் தடவிப் பார்த்து, "இது ஏன் இவ்வளவு வழவழன்னு இருக்கு?" என்றார். இஸ்திரி போட்டதைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். சூட்டில் சிப் பாதி வெந்துவிட்டிருக்குமாம், எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்று சொல்ல முடியாதாம். கூட்டமே சிரித்தது. அக்கா மட்டும், "கதை நல்லா இருக்கு" என்றாள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. முடித்தவர்கள் பட்டியலில் என் பெயரைக் குழு நிறுத்தி வைத்திருக்கிறது. முனையில் என்னைப் பார்த்த ஒரே ஒரு ஆள் வந்து சொன்னால் போதுமாம், இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

அன்றைக்கு அங்கே நின்றவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா அண்ணா?

தங்கை


ஏப்ரல் 9

தங்கைக்கு,

நலம். முதலில் ஒன்று கேட்கிறேன். உன் அண்ணியோடு போனில் பேசினாயா? அவளைக் கேட்டால் சத்தியமாக இல்லை என்கிறாள். எனக்கென்னவோ நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ நெய்கிறீர்கள் என்றுதான் படுகிறது. பீப்பாயும் ஆம்புலன்ஸும் யார் வேண்டுமானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆரஞ்சு எப்படித் தெரியும்?

உன் கடைசி வரியை நாலு தடவை படித்தேன். நான் வந்து பொய்ச் சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்கிறாய். நேராகக் கேட்க வாய் வரவில்லை. சொந்தத் தங்கை என்பதற்காகப் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். டிக்கெட் இல்லாமல் வந்த மாமனாருக்கே அபராதம் எழுதியவன் நான், உனக்குத் தெரியும். இஸ்திரி, சிப் என்று நீ சொல்வதெல்லாம் நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பது மாதிரி இருக்கிறது.

பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு. பாலம் வரை போகவில்லை என்று சொல்லிவிட்டால் நாலு நாள் பேசுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். நீ விழாமல் வீடு வந்தாயே, எனக்கு அது போதும். நிஜமாகவே போதும்.

அண்ணன்


மே 17

நத்தைக்கு,

ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே? வீட்டுக்காரருக்குத் தனியாக எழுதினேன். "அவள் நலம், ஓடுவதில்லை" என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார். ஓடுவதை நிறுத்து என்று நான் எழுதியதாக நினைத்தாயா? அப்படி எழுதவில்லையே. அண்ணி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கடிதத்தில் என்ன எழுதித் தொலைத்தீர்கள் என்று கேட்டாள். காட்டவில்லை.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது.

அண்ணன்


ஜூன் 2

அண்ணாவுக்கு,

சரி, கோபமாகவே எழுதுகிறேன். நலம் விசாரிப்பு அடுத்த தடவை.

பாலத்தில் ஏறும்போதே முழங்கால் பிடித்துக்கொண்டது. முனையில் ஆம்புலன்ஸ் நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. அதில் போய் உட்கார்ந்துவிட வேண்டும், அதோடு சரி என்று முடிவே செய்துவிட்டேன். கிட்டே வந்தபோது அதன் பக்கத்தில் நீங்கள் நின்றீர்கள். பழுப்பு ஸ்வெட்டர், கக்கத்தில் குடை, கையில் பாதி உரித்த ஆரஞ்சு.

வர மாட்டேன் என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது அண்ணா. வலி எங்கே போனது என்றே தெரியவில்லை. பீப்பாயைச் சுற்றியதும் கூட்டத்தை விட்டு விலகி நேராக உங்களிடம் ஓடிவந்தேன். கூப்பிட வாயைத் திறந்தால் மூச்சுதான் வந்தது. கையை நீட்டினேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். குடையை ஆட்டி, "ஓரமா போங்க" என்றீர்கள்.

போங்க! பிறந்ததிலிருந்து 'போடி' தவிர வேறு கேட்டதில்லை நான் உங்களிடம். பக்கத்தில் நின்ற ஆம்புலன்ஸ்காரர்கள் முன்னால், வேர்வை வழிய நிற்கிற இவள் என் தங்கச்சி என்று சொல்ல உங்களுக்கு வெட்கம். நான் வேறு எப்படி எடுத்துக்கொள்ள? திரும்பி ஓடிவிட்டேன். மைதானம் வரை முழுக்கக் கோபத்தில் ஓடினேன். கோட்டில் வந்த அழுகையில் சந்தோஷம் பாதிதான்.

நீங்களாகச் சொல்வீர்கள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் வழி விட்டேன். டியூட்டி என்று எழுதினீர்கள். சாட்சி வேண்டும் என்று உலகத்திலேயே அதைச் சொல்லக்கூடிய ஒரே மனுஷரிடம் கேட்டேன். பொய் சொல்ல மாட்டேன் என்று எனக்கே பாடம் நடத்தினீர்கள். அண்ணன் அங்கே இருந்தார் என்று குழுவிடம் நானே சொல்லியிருக்கலாம். நீங்கள் இல்லை என்று மறுத்துவிட்டால்? அதை என்னால் தாங்க முடியாது என்பதால்தான் சொல்லவில்லை.

போன மாதம் பெயரை எடுத்துவிட்டார்கள். பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், நீங்கள் சொன்னபடியே. கழுத்தில் அது கிடந்தபோது எடுத்த படம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். நன்றாகப் பாருங்கள். வெட்கப்பட அதில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

தங்கை


ஜூன் 27

என் தங்கச்சிக்கு,

நான் நலமாக இல்லை. இருக்கவும் கூடாது.

படத்தைக் கண்ணாடி போட்டும் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். அண்ணி எட்டிப் பார்த்து, "யாருங்க இது?" என்றாள். உன் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பெண்ணை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிவப்புத் தொப்பி, ஒட்ட வெட்டின முடி, ஒடுங்கின கன்னம், கை நிறைய நரம்பு. யாரோ தண்ணீர் கேட்டு வருகிறாள் என்று நினைத்தேன். அது நீ.

வெட்கமில்லை அம்மா. சத்தியமாக இல்லை. நீ விழுந்துவிடுவாய் என்ற பயத்தில்தான் வந்தேன். ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்து அதன் பக்கத்தில் போய் நின்றேன். நான் தேடிய தங்கச்சி குண்டாக, இடுப்பு வரை பின்னலோடு, எல்லோருக்கும் கடைசியில் வருகிறவள். கூட்டத்தின் வாலை விட்டு நான் கண்ணை எடுக்கவேயில்லை. கடைசி ஆளும் நடந்து போய், பீப்பாயை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியும் வந்தது. அதற்குள்ளும் நீ இருக்கிறாயா என்று பார்த்தேன். இல்லை. பாதியில் நின்றுவிட்டாய், உயிரோடு இருக்கிறாய் என்று நிம்மதியாக ரயில் ஏறினேன். சில நாளில் முடித்துவிட்டேன் என்று உன் கடிதம் வந்தது. நான் பார்க்கவில்லை, அதனால் நீ வரவில்லை. அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டியது. வர மாட்டேன் என்று வீம்பாக எழுதிவிட்டதால், வந்தேன் என்று சொல்லவும் கௌரவம் தடுத்தது. முகம் பார்த்தே கள்ளனைக் கண்டுபிடிப்பேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான்.

பதில் தாமதமானதற்குக் காரணம், நேற்று உன் குழுவின் முன்னால் போய் நின்றேன். உனக்குச் சொல்லவில்லை. உன் வீட்டுக்கு வர முகமில்லாமல் அப்படியே திரும்பிவிட்டேன்.

டியூட்டிக்குப் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடிக்காரர் நல்ல மாதிரி. மருந்துக்கடை அம்மாவும் இருந்தார். அவர்தான், "அண்ணன் தங்கைக்குச் சாதகமாத்தானே சொல்லுவாரு?" என்றார். நியாயமான சந்தேகம், நானாக இருந்தாலும் கேட்பேன். "அங்க உங்க தங்கச்சியப் பாத்தீங்களா?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார். "பாத்தேன். ஆனா தங்கச்சின்னு தெரியல. கிட்ட வந்தவள நான் விரட்டிட்டேன்" என்றேன். மருந்துக்கடை அம்மாவே, "இப்படி ஒரு பொய்ய யாரும் சொல்ல மாட்டாங்க" என்று எழுந்து போய்ப் புகார்த் தாளை வாங்கிக் கிழித்தார். உன் பெயரைப் பட்டியலில் மறுபடி எழுதிவிட்டார்கள். பதக்கத்தை என்னிடம் நீட்டினார்கள். அதைத் தொடும் தகுதி எனக்கு இல்லை, அவளைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி. நான் 'ஓரமா போங்க' என்றதுமே நீ திரும்பி ஓடிவிட்டாய். நான் அதோடு நிறுத்தவில்லை. மீதியையும் குழுவின் முன்னால் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அன்றைக்கு உன் முதுகைப் பார்த்து நான் சொன்னது இதுதான்:

"மறைக்காதீங்கம்மா, என் தங்கச்சி ஓடி வர்ற நேரம்."

உன் அண்ணன்